ஏன்மா என்னை இப்ப ஏசவே மாட்டேங்கிற? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சு வச்சா பாதிக்கு மேல ஒரே விஷயம், வீட்ல ஒரு பிள்ளைக்கு பெரிய சீக்கு, மத்தவங்க எப்படி இருக்கணும்னு தெரியல்ல. அதனால மாமியார் மருமக பஞ்சாயத்தெல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. என் பையனுக்கு அஞ்சு வயசுல ரத்தப் புற்றுநோய் வந்துச்சு, இப்ப இருபது வயசு, பாலிடெக்னிக் படிக்கான், பைக் கேட்டு உயிர எடுக்கான். அந்த அனுபவத்துல தான் எழுதுறேன், மருந்து மாத்திரைய உங்க டாக்டர் சொல்றபடி தான் செய்யணும்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு குழித்துறை பக்கம். மகனுக்கு ஆறு வயசு, லுகீமியா, அதான் ரத்தப் புற்றுநோய், அதுல ஏ.எல்.எல்ங்கிற வகைன்னு சொன்னாங்க, அஞ்சு மாசமா திருவனந்தபுரத்துல ட்ரீட்மென்ட். நானும் அவனும் பாதி நாள் அங்க தான். பத்து வயசு மகள எங்கம்மா வீட்ல விட்ருக்கேன். அவ ஆச்சி பர்ஸ்ல காசு எடுத்து பிரண்ட்ஸ்க்கு ஐஸ் வாங்கி குடுத்திருக்கா, அடிக்கடி வயித்துவலின்னு ஸ்கூல் போக மாட்டேங்கா, ரெண்டு தடவ படுக்கையில மூத்திரம் போய்ட்டா. பையனோ கேட்டது கிடைக்கலன்னா தட்ட எறியுறான், என்னை அடிக்கிறான், எனக்கு ஏச மனசு வரல்ல. மாமியார் யாரு செஞ்ச பாவமோன்னு புலம்புறாங்க, நித்தியகல்யாணி கஷாயம் குடுக்கணும்னு நிக்கிறாங்க. வீட்டுக்காரர் ரப்பர் வெட்டுக்கு போறார், வந்தா ஒரு வார்த்தை பேசுறதில்ல. நான் யாருக்கு அம்மாவா இருக்கணும்?

பதில்: உங்க லெட்டர படிச்சிட்டு அடுப்புல பால் பொங்கி வழிஞ்சத கவனிக்கல்ல நான். மகன பத்தி பாதி, மகள பத்தி பாதி எழுதிருக்கீங்க, ஆனா ரெண்டு பிள்ளையும் ஒரே விஷயத்துக்கு தான் அழுதுன்னு எனக்கு தோணுது, வீடு பழைய மாதிரி இல்ல, ஏன்னு யாரும் சொல்லவும் இல்ல.

மொதல்ல பையன். இந்த சிகிச்சையில ஸ்டீராய்டு குடுக்குற நாள்கள் உண்டு, டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசலோனோ, அது உள்ள போச்சுன்னா பசியும் கோவமும் சேர்ந்து வரும், மூஞ்சி உப்பும், ராத்திரி மூணு மணிக்கு எழும்பி மரச்சீனியும் மீன்குழம்பும் கேப்பான், என் பையன் கேட்டான், நான் அந்த நேரத்துல தேங்கா திருவுனேன். அதனால கலண்டர்ல ஸ்டீராய்டு நாளுக்கெல்லாம் ஒரு வட்டம் போட்டு வைங்க. அந்த நாள்ல பாதி கோவம் மருந்தோடது, சாப்பாடு தான் கேக்கான்னா சூடா செஞ்சு குடுங்க. ஆனா தட்ட எறியுறதும் அம்மாவ அடிக்கிறதும் எந்த நாள்லயும் கூடாது. வட்டம் போடாத நாள்லயும் எறியுறான்னா அது மருந்து இல்ல, நீங்க எதுவரைக்கும் விடுவீங்கன்னு பாக்கான்.

ஏச மனசு வரல்லன்னு சொன்னீங்கல்லா, அதுக்கு ஒரு கதை சொல்றேன். எங்க வீட்ல சிகிச்சை தொடங்கி மூணாவது மாசம், ஒரு நாள் ஆஸ்பத்திரியிலருந்து வந்த கையோட பையன் எவர்சில்வர் டம்ளர தூக்கி அக்கா நெத்தியில வீசிட்டான், வீங்கிப் போச்சு, நான் ஒண்ணுமே சொல்லல்ல, மகள பாத்து நீ ஏன் அவன் பக்கத்துல போனன்னு கேட்டேன், அத நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு. அன்னைக்கு ராத்திரி லைட் அணைச்ச பிறகு அவன் கேக்கான், "ஏன்மா என்னை இப்ப ஏசவே மாட்டேங்கிற? நான் செத்துருவனா?" அஞ்சு வயசு பிள்ளை. இல்ல மக்ளேன்னு சொல்லி கட்டிப் புடிச்சேன், ஆனா அவன் நம்பல்ல போலிருக்கு. மறுநாள் காலையில நான் சம்பா அரிசி அளந்துட்டிருக்கேன், என் மூஞ்சிய பாத்துக்கிட்டே ஒரு உழக்கு அரிசிய தரையில கொட்டுனான். எனக்கு எங்கிருந்தோ வந்துச்சு, "ஏலே அரிசி என்ன விலை விக்கின்னு தெரியுமாலே, ஒரு மணி விடாம பொறுக்குல"ன்னு கத்திட்டேன். கையில ஊசி குத்துன இடத்துல பிளாஸ்திரி ஒட்டிருக்கு, அதோட உக்காந்து ஒண்ணு ஒண்ணா பொறுக்குனான், சிரிச்சுக்கிட்டே பொறுக்குனான். அன்னைக்கு தான் மூணு மாசத்துல மொதல் தடவையா முழு ராத்திரி தூங்குனான். பெரியவங்க நாம தான் பாவம் பாத்து ஏசாம இருக்கோம், பிள்ளை அத தன் ஆயுசு கணக்கா எடுத்துக்குது.

அதுக்காக நாள் முழுக்க ஏசுங்கன்னு சொல்லல்ல. ஊசி போடும்போது வலிக்காதுன்னு பொய் சொல்லாதீங்க, ஒரு தடவ பொய்யாச்சுன்னா அடுத்து நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டான். வலிக்கும், இருபது எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும், எந்த கையில போடணும் நீ சொல்லுன்னு கேளுங்க. போடணுமா வேண்டாமான்னு கேக்காதீங்க, அது அவன் கையில இல்ல. மாத்திரைக்கும் அப்படித்தான், தண்ணியிலயா ஜூஸ்லயான்னு அவன் முடிவு பண்ணட்டும்.

இப்ப மகள். மகள நினைச்சு தான் எனக்கு ரொம்ப கவலை. ஐஸ் வாங்கி குடுத்து பிரண்ட்ஸ பக்கத்துல வச்சுக்கிறா, பாவம், வீட்ல யாரும் பக்கத்துல இல்ல. காசு எடுத்தது தப்புன்னு ஆச்சி முன்னாடி இல்லாம தனியா கூப்ட்டு சொல்லுங்க, பத்து பத்து ரூபாயா திருப்பி வைக்க சொல்லுங்க, அதோட விட்ருங்க. வயித்துவலிக்கும் மூத்திரத்துக்கும் ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டுங்க, வேற ஒண்ணும் இல்லன்னா மனசு தான் காரணமா இருக்கும். பத்து வயசுல திரும்ப படுக்கை நனையுதுன்னா அதுக்கு அவள ஏசக்கூடாது, கேலியும் கூடாது, ஆச்சிகிட்டயும் சொல்லி வைங்க.

அவகிட்ட யாராவது என்ன நோய், என்ன நடக்குதுன்னு முழுசா சொன்னீங்களா? என் மக ஒம்போது வயசுல அந்த நேரத்துல வாயே திறக்கல்ல, நல்ல பிள்ளைன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் சந்தோசப்பட்டேன். அவளுக்கு பத்தொம்போது வயசு ஆன பிறகு ஒரு நாள் துணி மடிச்சிட்டிருக்கும்போது சொல்றா, "அம்மா, தம்பிக்கு உடம்புல நீல நீலமா வந்துச்சுல்லா, அதுக்கு முந்துன நாள் நான் தான் அவன திண்ணையிலருந்து தள்ளுனேன்." பத்து வருசம் அத மனசுல வச்சிருந்திருக்கா. அந்த நீலம் ரத்தத்துல பிளேட்லெட் குறைஞ்சதால வர்றது, தட்டுனாலும் தட்டலன்னாலும் வரும், அத நான் அன்னைக்கே ஒரு வரியில சொல்லிருக்கலாம். நீங்க சொல்லிருங்க. நோயோட பேரு சொல்லுங்க, தொட்டா ஒட்டாதுன்னு சொல்லுங்க, நீ சண்டை போட்டதால வரல்ல, நீ திட்டுனதால வரல்லன்னு அவ கேக்காமலே சொல்லுங்க. மொத்த சிகிச்சை ரெண்டரை மூணு வருசம் ஓடும், அதனால தம்பிக்கு சரியானதும் பாத்துக்கலாம்னு அவள தள்ளிப் போடாதீங்க, சரியாகும்போது அவ பன்னெண்டு பதிமூணு வயசு பொம்பளப்பிள்ளை. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போன், அதுல தம்பி பேச்சே எடுக்கக் கூடாது, அவ கணக்கு பரீட்சை, அவ சண்டை, அவ்வளவு தான். வாரத்துல ஒரு நாளாவது அவளும் உங்க வீட்ல படுக்கணும். அவளுக்கோ ஸ்கூல்லயோ சின்னம்மை வந்தா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு சொல்லிருங்க, பையனுக்கு எதிர்ப்பு சக்தி கிடையாது இப்ப. அவனுக்கு ஜுரம் 100.4 தொட்டா நடுராத்திரியானாலும் கிளம்பிரணும், மாத்திரை குடுத்து பாப்போம்னு வீட்ல வச்சுப் பாக்காதீங்க. இது உங்களுக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லிருப்பாங்க, ஆனா ஆச்சிக்கும் அப்பாவுக்கும் தெரியுமா?

(இதுல ஒரு வேடிக்கை. நான் அம்பாசமுத்திரத்துக்காரி, மார்த்தாண்டத்துல வாக்கப்பட்டவ. மொத நாள் வார்டுல நர்ஸ் மலையாளத்துல "மோனு பனி உண்டோ"ன்னு கேக்க, நான் மேமாசத்துல ஏது பனின்னு முழிச்சேன். பக்கத்து கட்டில் சேச்சி தான் ஜுரத்தத்தான் கேக்காங்கன்னு சொன்னாங்க. உங்க பக்கம் எல்லாருக்கும் இது தெரியும், கிழக்க இருந்து வர்றவங்களுக்காக எழுதுறேன், புரியலன்னா வெக்கப்படாம திரும்ப கேளுங்க.)

மாமியாருக்கு வருவோம். உங்க பையனுக்கு நரம்புல ஏத்துற மருந்துல வின்கிரிஸ்டின்னு ஒண்ணு இருக்கும், அது நித்தியகல்யாணி செடியிலருந்து எடுத்தது தான். மலையாளத்துல சவம்நாறி, நம்ம பக்கம் சுடுகாட்டு மல்லி, அதே செடி. மில்லிகிராம் கணக்குல அளந்து, நரம்புல மட்டும் ஏத்த வேண்டிய சாமான் அது. கொஞ்சம் கூடுனாலே ஆபத்து, வீட்ல வேர அவிச்சு குடுத்தா எவ்வளவு போகும்னு யாருக்கும் தெரியாது, விஷத்துக்கு மேல விஷம். இத மாமியார்ட்ட சண்டையா சொல்லாதீங்க, "அத்தே, நீங்க சொன்ன செடி தான் ஊசியா ஏறுது, டாக்டரே குடுக்காரு"ன்னு சொல்லுங்க. எங்க மாமியார்ட்ட இத சொன்ன பிறகு ஊரெல்லாம் போய் நான் அப்பவே சொன்னேன்னு சொல்லிட்டு திரிஞ்சாங்க, கஷாயம் நின்னு போச்சு. பாவம் புண்ணியம் பேச்சு மட்டும் மகள் காதுல விழாம பாத்துக்கோங்க, என் மக மாதிரி தம்பிய எப்பவாவது தள்ளிருந்தா, அந்த பிள்ளைக்கு அது வேற மாதிரி கேக்கும்.

வீட்டுக்காரர். விடிய முன்ன நெத்தியில லைட் கட்டிக்கிட்டு தனியா நூறு நூறு மரமா வெட்டிட்டு போற மனுசன், அங்க தான் அழுதிட்டு வர்றாரோ என்னவோ. பேச சொல்லி வற்புறுத்தாதீங்க, வேலை குடுங்க. மழை பெய்ஞ்சு வெட்டு இல்லாத நாள்ல ஆஸ்பத்திரிக்கு அவர் பிள்ளைய கூட்டிட்டு போகட்டும், நீங்க மகளோட இருங்க. மொத தடவ ஃபைல மறந்திட்டு போவாரு, போகட்டும். ரயில்ல போறீங்கன்னா புற்றுநோய்க்காரங்களுக்கு சலுகை உண்டு, ஸ்லீப்பர்லயும் தேர்டு ஏசியிலயும் நோயாளிக்கு டிக்கெட் காசே கிடையாது, கூட போற ஒருத்தருக்கு 75 சதவீதம் குறையும், செகண்ட் கிளாஸ்ல ரெண்டு பேருக்கும் 75. ஆஸ்பத்திரியில டாக்டர் கையெழுத்து போட்ட ஃபாரம் வேணும்.

கேள்வி: கொல்லங்கோடு. நான் துபாய்ல இருக்கேன். மகளுக்கு 9 வயசு, போன வருசம் டைப் 1 சுகர்னு கண்டுபிடிச்சாங்க. மனைவி ராத்திரி தூங்குறதில்ல, பிள்ளைய கல்யாண வீட்டுக்கு கூட விட மாட்டேங்கா. இனிப்பு குடுத்து குடுத்து நீதான் கெடுத்தன்னு ஒரு கோவத்துல சொல்லிட்டேன், அதுலருந்து சரியா பேசுறதில்ல. லீவுல வந்தா மக என்கிட்ட ஊசி போட்டுக்க மாட்டேங்கா. விருந்தாளி மாதிரி இருக்கு சார்/மேடம்.

பதில்: மேடம் தான், தம்பி. மொதல்ல அந்த இனிப்பு பேச்ச வாபஸ் வாங்குங்க, போன்ல இல்ல, நேர்ல வந்து. டைப் 1 இனிப்பு தின்னு வர்றதில்ல. கணையத்துல இன்சுலின் செய்யுற செல்லுங்கள உடம்போட சொந்த எதிர்ப்பு சக்தியே தப்பா அடிச்சு அழிச்சிருது, லட்டு தின்னாலும் தின்னாட்டாலும். உங்க மனைவி தூங்காததுக்கு பாதி காரணம் சுகர் குறையுமேங்கிற பயம், மீதி பாதி நீங்க சொன்ன அந்த வார்த்தை.

1922க்கு முன்னாடி இந்த நோய் வந்த பிள்ளைங்க பிழைச்சதே இல்லன்னு சொல்லலாம், அந்த வருசம் ஜனவரியில டொராண்டோவுல 14 வயசு பையன் ஒருத்தனுக்கு தான் மொதல்ல இன்சுலின் போட்டாங்க. அத கண்டுபிடிச்ச பான்டிங் பிறந்த நாள் நவம்பர் 14, அதனால அது உலக நீரிழிவு தினம், நமக்கு குழந்தைங்க தினமும் அதே நாள். ஸ்கூல்ல மிட்டாய் குடுக்குற அன்னைக்கு உங்க மக என்ன செய்வான்னு யோசிச்சு பாருங்க. திங்கட்டும், அதுக்கேத்த ஊசி எவ்வளவுன்னு டாக்டர்ட்ட கேட்டு வைங்க.

லீவுக்கு வரும்போது சாக்லேட் பெட்டிக்கு பதிலா ஒரு மாசம் வேலைய எடுத்துக்கோங்க. சுகர் பாக்குற ராத்திரி ரெண்டு மணி அலாரம் உங்க போன்ல, மனைவி அடுத்த ரூம்ல கதவ சாத்திட்டு தூங்கணும். ஊசிய வயிறு, தொடைன்னு மாத்தி மாத்தி போடணும், ஒரே இடத்துல குத்துனா கட்டி தட்டிரும், மருந்து சரியா ஏறாது. மக உங்ககிட்ட போட்டுக்காததுக்கு காரணம் உங்க கை நடுங்குது, அது அவளுக்கு தெரியுது. ஊசி மாட்டாத இன்சுலின் பேனாவ வச்சு உங்க தொடையிலயே குத்தி காட்டுங்க, "அப்பாவுக்கு சொல்லிக் குடு"ன்னு அவகிட்டயே கேளுங்க, அவ டீச்சராயிருவா. சுகர் 70க்கு கீழ போச்சுன்னா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கரைச்சு குடுக்கணும், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாக்கணும், மயக்கமா இருந்தா வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, ஆஸ்பத்திரி தான். இத அத்தை, சித்தப்பா, கிளாஸ் டீச்சர் மூணு பேருக்காவது சொல்லிக் குடுத்தா தான் கல்யாண வீட்டுக்கு பிள்ளைய அனுப்ப அம்மாவுக்கு தைரியம் வரும். அந்த மாசத்துல ஒரு தடவையாவது நீங்க தப்பு பண்ணுவீங்க, அப்ப மனைவி ஓடி வந்து ஊசிய பிடுங்கக் கூடாது, இத அவங்களுக்கும் படிச்சு காட்டுங்க.

கேள்வி: செங்கோட்டை. தம்பி மகனுக்கு இதய ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்திருக்கான். பாக்க போறோம், என்ன கொண்டு போகலாம்?

பதில்: ஹார்லிக்ஸும் ஆப்பிளும் அங்க ஏற்கனவே அலமாரி நிறைய இருக்கும். ரெண்டு வேளைக்கு ஆகுற மாதிரி குழம்பும் பொரியலும் கொண்டு போங்க, தூக்குச்சட்டிய திருப்பி கேக்காதீங்க. இருமல் சளி இருந்தா போகவே வேண்டாம். தழும்ப காட்டுன்னு சட்டைய தூக்க சொல்லாதீங்க. உங்க பக்கத்து வீட்டு பிள்ளைக்கு இதே ஆபரேஷன் பண்ணி என்னாச்சுன்னு கதை சொல்லாதீங்க. அரை மணி நேரத்துல எழும்பிருங்க, வீட்ல மூத்த பிள்ளை இருந்தா அத புரோட்டா கடைக்கு கூட்டிட்டு போங்க.

கேள்வி: ஆன்ட்டி, நான் பிளஸ் டூ, கொழிஞ்சாம்பாறை. தம்பிக்கு தலசீமியா, உடம்புல ரத்தம் சரியா ஊறாத பிறவி நோய், மூணு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்தணும். இப்ப வேலூர் போய் எனக்கு மேட்ச் டெஸ்ட் எடுக்கணுமாம், சேர்ந்தா என் எலும்பு மஜ்ஜைய அவனுக்கு வைப்பாங்களாம். எல்லாரும் நீதான் தம்பிய காப்பாத்தணும்னு சொல்றாங்க. எனக்கு பயமா இருக்கு. வெளிய சொன்னா கெட்டவன்னு நினைப்பாங்களோன்னு இருக்கு. பேர் போடாதீங்க.

பதில்: போடல்ல மக்ளே. பயப்படுற பிள்ளை கெட்ட பிள்ளை இல்ல. பயம் வேற, மாட்டேன்னு சொல்றது வேற, நீ மாட்டேன்னு எங்கயும் எழுதல்ல.

ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோ. கூடப் பிறந்தவங்க முழுசா மேட்ச் ஆகுறதுக்கு நாலுல ஒரு பங்கு தான் வாய்ப்பு, அது பிறக்கும்போதே முடிவானது. மேட்ச் ஆகலன்னா நீ தோத்துப் போனன்னு அர்த்தம் இல்ல, பாசம் குறைஞ்சு போச்சுன்னும் இல்ல, இத உன் அப்பா அம்மாவுக்கும் சேர்த்து தான் எழுதுறேன், டெஸ்டுக்கு முன்னாடியே நீதான் காப்பாத்தணும்னு பிள்ளை தலையில வைக்காதீங்க. மேட்ச் ஆச்சுன்னா உனக்கு மயக்க மருந்து குடுத்து இடுப்பெலும்புலருந்து மஜ்ஜைய ஊசியால உறிஞ்சு எடுப்பாங்க, எலும்ப வெட்டுறதில்ல, கொஞ்ச நாள் இடுப்பு கடுக்கும், எடுத்தது சில வாரத்துல உடம்புல திரும்ப ஊறிரும். சில இடத்துல கையிலருந்து ரத்தம் எடுக்குற மாதிரியும் செய்வாங்க.

வேலூர் போனதும் டாக்டர்ட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசணும்னு கேளு, அப்பா அம்மா வெளிய நிக்கட்டும். எத்தன நாள் வலிக்கும், எத்தன நாள் கிளாஸ் போகும், எனக்கு பின்னால ஏதாவது வருமான்னு மனசுல இருக்குறத எல்லாம் பேப்பர்ல எழுதிட்டு போ, இல்லன்னா அங்க போய் மறந்திரும். தம்பிகிட்ட சண்டை போடுறத நிறுத்திட்டியா இப்ப? நிறுத்தாத, அவனுக்கு சந்தேகம் வந்திரும்.

பாலக்காட்டுலருந்து காட்பாடிக்கு ரயில்ல கெமிஸ்ட்ரி புக்க எடுத்துட்டு போ. ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுது, ரெண்டு ரிசல்ட்டும்.